பழைய சிடி ரைட்டர் 14 பர்செண்டுல நின்னுடுது, நைனாவோட கூத்து கேசட்டை சிடியில ஏத்தணும், யாராச்சும் வழி சொல்லுங்க

பாலாறு_மணல்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய கதை, பொறுமையா படிங்க.

எங்க ஊரு கலவை பக்கம். எங்க நைனா தெருக்கூத்துல பெட்டி, அதான் ஆர்மோனியம், வாசிச்சவரு, பின்பாட்டும் அவருதான். எங்க மாமா அதே செட்டுல வேஷம் கட்டினவரு, துரியோதனன் வேஷம்னா சுத்துப்பட்டு ஊருல அவரைத்தான் கூப்புடுவாங்க. 1987ல, வட ஆற்காடு மாவட்டம் இன்னும் பிரியாத காலம், எங்க ஊரு திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துல பதினெட்டாம் போர் கூத்து நடந்துச்சு, விடிஞ்சா படுகளம், அந்த ராத்திரி முழுக்க யாரோ சொந்தக்காரரு டேப் ரிக்கார்டரை மேடை ஓரமா வெச்சு 90 நிமிஷ கேசட்டு ஆறுல புடிச்சி வெச்சிருந்தாரு. நைனா போயி ஒம்போது வருசம் ஆச்சு. போன மாசம் பரணை க்ளீன் பண்ணும்போது ஆறு கேசட்டும் கெடைச்சுது, பூசணம் கூட இல்ல.

சரின்னு என் லேப்டாப்புல ஒரு பழைய கேசட் டெக்கை மாட்டி ஆறையும் வேவ் ஃபைலா ஏத்திட்டேன். ஒரு சைடு 42 அரை நிமிஷம் வந்துது, எல்லாம் சேத்து எட்டரை மணி நேரம். இதை 73 நிமிஷம் 73 நிமிஷமா வெட்டி ஏழு ஆடியோ சிடியா போட்டு மாமாவுக்கு குடுக்கணும். அவருக்கு இப்போ 81 வயசு, கண்ணு ரெண்டும் மங்கல், அவர்ட்ட ஒரு சிடி பிளேயர் கீது, அதோட பட்டன் எல்லாம் தடவிப் பாத்தே போட்டுக்குவாரு. புதுசா எதுவும் கத்துக்க மாட்டேன்றாரு.

லேப்டாப்புல சிடி டிரைவ் இல்ல. வீட்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் கீது, பெண்டியம் 3, ரேம் 256, எக்ஸ்பி. அதுல 2000ல வாங்கின சிடி ரைட்டர், மூஞ்சியில 8x4x32ன்னு எழுதியிருக்கும். பிராண்ட் பேரு வேணாம். பழைய சிடி எல்லாம் நல்லா படிக்குது. எழுதச் சொன்னாதான் பேஜார்.

8 எக்ஸ் ஸ்பீடுல போட்டா கரெக்டா 14 இல்லாட்டி 15 பர்செண்டுல பஃபர் அண்டர்ரன்னு சொல்லி துப்பிடுது. ஒரு தபா ரெண்டு தபா இல்ல, அஞ்சு தபா. 4 எக்ஸ்ல போட்டா சில சமயம் பாதி போவுது, சில சமயம் ஆரம்பத்துலயே பவர் கேலிபரேஷன் எர்ரர்னு வருது. மச்சான் லேப்டாப்புல வெளிய மாட்டுற ரைட்டர்ல ஒண்ணு போட்டேன், அது ஃபுல்லா முடிஞ்சிது, ஆனா மாமா பிளேயர்ல போட்டா டிஸ்க்கே இல்லன்னு சொல்லுது. 50 டிஸ்க் இருக்குற ஒரு டப்பா வாங்கினேன், 11 போச்சு. வீட்டுக்காரி அதை எல்லாம் மாடித் தோட்டத்துல காக்கா விரட்ட கட்டிட்டா.

ரைட்டர் செத்துப்போச்சா, டிஸ்க் மோசமா, நான் எங்கியாச்சும் தப்பு பண்றனா?

கொசப்பேட்டை_கில்லி

ப்ரோ இன்னா ப்ரோ இது, பென்டிரைவ் போடுற ஸ்பீக்கர் எல்லா கடையிலயும் கீது, ஒரே ஃபைலா ஏத்தி குடுத்துட்டு போயினே இருக்கலாம். 2000ல வாங்கின ரைட்டரை இன்னும் வெச்சிகினு கீறீங்களே, அத்த கொண்டுபோயி கோட்டை மியூசியத்துல குடுங்க.

பழைய_சிடிகடை

கில்லி தம்பி, 81 வயசு மனுசன் தடவிப் பாத்து போட்டுக்குறாருன்னு அவரு எழுதியிருக்காரு, அதைப் படிச்சிட்டு பேசு. பென்டிரைவ் ஸ்பீக்கர்ல எட்டரை மணி நேர ஃபைலு, கரண்ட் போயி வந்தா பாதிக்கு மேல ஸ்பீக்கரு முதல்லேருந்துதான் பாடும், அந்தக் கெழவர் என்னா பண்ணுவாரு.

மணல் தம்பி, நான் காட்பாடியில பிரௌசிங் சென்டர் வெச்சிருந்தவன், 2001லேருந்து ஒரு பத்து வருசம். கல்யாண விசிடி, காலேஜ் பசங்க ப்ராஜெக்ட்டுன்னு ஆயிரக்கணக்குல எழுதியிருக்கேன், டிஸ்க்கும் அந்தக் கணக்குக்கு வீணாக்கியிருக்கேன். நீ சொல்றதுல மூணு வெவ்வேற வியாதி கீது, எல்லாத்தையும் ஒரே வியாதின்னு நெனச்சிகினு இருக்க. மொதல்ல அந்த 14 பர்செண்டைப் பாப்போம்.

ஒரே எடத்துல திரும்பத் திரும்ப நிக்குதுன்னா அது ரைட்டர் சாவுற லட்சணம் இல்ல. சாவுற ரைட்டரு இன்னிக்கு 3, நாளைக்கு 60ன்னு நிக்கும். ஒண்ணு மட்டும் கேக்குறேன், அந்த வேவ் ஃபைலை பழைய கம்ப்யூட்டருக்கு எப்டி கொண்டாந்த? ஹார்டுடிஸ்க்குல காப்பி பண்ணியா, இல்ல பென்டிரைவ்லேருந்தே நேரா எழுதினியா?

பாலாறு_மணல்

அண்ணா பென்டிரைவ்லேருந்தே நேரா எழுதினேன். ஹார்டுடிஸ்க்கு 20 ஜிபிதான், பழைய போட்டோ எல்லாம் கெடக்குது, எடம் கம்மின்னு காப்பி பண்ணல. அதுல தப்பு கீதா?

பழைய_சிடிகடை

தோ புடிச்சேன் பாரு.

தம்பி, இஸ்கோல்ல தண்ணித் தொட்டி கணக்கு போட்டிருப்ப இல்ல, ஒரு கொழாயில தண்ணி உள்ள வருது, இன்னொரு கொழாயில வெளிய போவுது, தொட்டி எப்போ காலியாவும்னு. அதே கணக்குதான் இது. ஆடியோ சிடிக்கு ஒரு எக்ஸ்னா செகண்டுக்கு 176 கேபி, அப்போ 8 எக்ஸ்னா செகண்டுக்கு 1400 கேபி வெளிய போவுது. உன் பெண்டியம் 3ல இருக்குற யுஎஸ்பி பழைய 1.1, அதுல பேப்பர் கணக்குக்கு 12 மெகாபிட், அதாவது 1500 கேபி, ஆனா நெசத்துல கைக்கு வர்றது 900லேருந்து 1000 கேபி. ஆக ஒவ்வொரு செகண்டும் 400, 450 கேபி குறையுது. தொட்டி, அதான் பஃபர், எவ்ளோ பெருசு? சாஃப்ட்வேர் ரேம்ல ஒரு 32 எம்பி எடுத்து வெச்சிருக்கும், ரைட்டருக்குள்ள 2 எம்பி இருக்கும். மொத்தம் 34. இதை 425ஆல வகுத்தா 80 செகண்டுல தொட்டி காலி. அந்த 80 செகண்டுல 8 எக்ஸ் வேகத்துல எவ்ளோ பாட்டு எழுதியிருக்கும்? 640 செகண்டு, பத்தே முக்கா நிமிஷம் கிட்ட. உன் சிடி 73 நிமிஷம். பர்செண்டு போட்டுப் பாரு, 14லேருந்து 15க்குள்ள வந்து நிக்கும்.

லேசர் பேனா மாதிரி இல்ல, நடுவுல தூக்கி வெச்சிட்டு அப்புறம் எழுதலாம்னு. உள்ள டேட்டா தீந்துட்டா, அதான் அண்டர்ரன், அந்தக் கோடு அறுந்துச்சு, டிஸ்க்கு போச்சு. அதுக்குத்தான் 2000ல சான்யோகாரன் பர்ன்ப்ரூஃப்னு ஒண்ணு கொண்டாந்தான், டேட்டா தீந்தா நின்ன எடத்தை ஞாபகம் வெச்சிகினு திரும்ப அங்கிருந்தே தொடங்கும். அதுக்கப்புறம் வந்த ரைட்டர் எல்லாத்துலயும் ஏதோ ஒரு பேருல அது இருக்கும். உன்னுது அதுக்கு ஒரு படி முந்தின சரக்கு, அந்த வசதி இருக்காது.

போட்டோ எல்லாத்தையும் பென்டிரைவுக்கு மாத்து, கூத்து ஃபைலை ஹார்டுடிஸ்க்குக்கு மாத்து. மொத்தமா ஏழும் வேணாம், ஒரு சிடிக்கு வேண்டியது 770 எம்பிதான். ஆன்டிவைரஸை நிறுத்து. ஸ்க்ரீன்சேவரையும் நிறுத்து, சிரிக்காத, அந்தக் காலத்துல மீன் நீஞ்சுற ஸ்க்ரீன்சேவர் என் டிஸ்க்கை நெறைய தின்னிருக்கு.

குடியாத்தம்_ஸ்டூடியோ_அக்கா

சிடிகடை அண்ணா சொன்ன கணக்கு சூப்பர், நான் இத்தினி வருசம் ஸ்டூடியோ வெச்சிருக்கேன், பென்டிரைவ்லேருந்து எழுதக்கூடாதுன்னு தெரியும், ஏன்னு இன்னிக்குதான் தெரிஞ்சிது.

மச்சான் லேப்டாப் விஷயத்துக்கு நான் சொல்றேன். விண்டோஸ்ல காலி சிடி போட்டா ஒரு கேள்வி கேக்கும், யுஎஸ்பி ஃப்ளாஷ் டிரைவ் மாதிரி வேணுமா, சிடி டிவிடி பிளேயர்ல போடவான்னு. நீங்க மொதல்ல இருக்குறதை அமுக்கியிருப்பீங்க, எல்லாரும் அதைத்தான் அமுக்குவாங்க. அது கம்ப்யூட்டருக்கு மட்டும் புரியுற டிஸ்க். ரெண்டாவதை அமுக்கினாலும் மாமா பிளேயருக்கு ஆவாது, ஏன்னா அது வேவ் ஃபைலை ஃபைலாவே போட்டுடும். மீடியா பிளேயரைத் தொறந்து பர்ன்ல போயி ஆடியோ சிடின்னு தேர்ந்தெடுத்து போடணும்.

இன்னொண்ணு, கூத்து நிக்காம போவுற விஷயம். ட்ராக் ட்ராக்கா எழுதுற முறையில போட்டா ஒவ்வொரு ட்ராக்குக்கும் நடுவுல ரெண்டு செகண்டு மௌனம் விழும். விருத்தம் பாடும்போது நடுவுல ரெண்டு செகண்டு காணாம போச்சுன்னா கேக்க நல்லாவா இருக்கும். டிஸ்க் அட் ஒன்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதுல போட்டு இடைவெளியை பூஜ்யம் ஆக்கிடுங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ட்ராக்கா வெட்டுங்க, மாமா அடுத்த பட்டனை அமுக்கினா கொஞ்சம் தாண்டிப் போகலாம். ரீரைட் சிடி வாங்கிடாதீங்க, அதுல பிரதிபலிப்பு ரொம்ப கம்மி, பழைய பிளேயர் பாதிக்கு கண்ணே தெரியாது.

நீங்க வாங்கின டிஸ்க்கு எது? பின்பக்கம் என்ன கலர்?

பாலாறு_மணல்

அக்கா நீங்க சொன்னதேதான், மொத ஆப்ஷனைத்தான் அமுக்கினேன். மச்சான் அந்த ரைட்டரை வேற யாருக்கோ குடுத்துட்டான், திரும்ப வாங்க ரெண்டு வாரம் ஆவும்.

டிஸ்க் பின்பக்கம் வெள்ளிக்கு கொஞ்சம் பச்சை ஓடின மாதிரி, ரொம்ப வெளிறி. 52 எக்ஸ்னு போட்டிருக்கு.

அண்ணா, நீங்க சொன்ன மாதிரி ஹார்டுடிஸ்க்குல காப்பி பண்ணிட்டு போட்டேன். 14 தாண்டிடுச்சு! ஆனா 38ல நின்னுடுச்சு. அடுத்தது 71ல. எழுதும்போது மவுஸ் நகர மாட்டேங்குது, இழுத்து இழுத்து வருது. இப்போ 13 போச்சு.

பழைய_சிடிகடை

இனிமே எழுதாத, நிறுத்து. சைடு மூடியைக் கழட்டி உள்ள பாரு. சாம்பல் கலர்ல பட்டையா ஒரு வொயர் போவும், ஹார்டுடிஸ்க்கும் ரைட்டரும் ஒரே பட்டையில தொங்குதா?

பாலாறு_மணல்

ஆமாண்ணா ஒரே பட்டைதான். போர்டுல இன்னொரு சாக்கெட் காலியா கீது. நாலு வருசம் முன்ன ஒரு கடையில சர்வீஸ் பண்ணாங்க, அப்போ மாத்திட்டாங்க போல.

பழைய_சிடிகடை

அந்தப் பட்டை ஒத்தையடிப் பாதை மாதிரி, ஒரு நேரத்துல ஒரு வண்டிதான் போவும். ஹார்டுடிஸ்க் டேட்டா குடுக்கும்போது ரைட்டர் காத்திருக்கணும், ரைட்டர் வாங்கும்போது ஹார்டுடிஸ்க் காத்திருக்கணும். ரைட்டரைத் தனியா ரெண்டாவது சாக்கெட்டுல மாட்டு, பின்னாடி இருக்குற ஜம்பரை மாஸ்டர்ல வை. பட்டையும் புதுசு ஒண்ணு பாரு, மடிச்சு மடிச்சு வெச்சிருந்தா உள்ள ஒரு கம்பி அறுந்து போற வழக்கம் உண்டு.

மவுஸ் இழுக்குதுன்னு சொன்ன பாரு, அதுக்கு வேற காரணம். டிவைஸ் மேனேஜர்ல ஐடிஇ சேனல்னு இருக்கும், அதுக்குள்ள அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பாரு. பிஐஓன்னு இருந்தா கோளாறு, டிஎம்ஏன்னு இருக்கணும். டிஎம்ஏன்னா மோட்டார் போட்ட கெணறு, சுவிட்சைத் தட்டிட்டு நீ உன் வேலையைப் பாக்கலாம். பிஐஓன்னா ஏத்தம், ஒவ்வொரு சால் தண்ணியையும் ப்ராசஸரே நின்னு எறைக்கணும், அதான் மவுஸை நகத்தக்கூட அதுக்கு கை ஒழியல. எக்ஸ்பி என்னா பண்ணும்னா வொயர்ல ஆறு தபா தப்பு வந்துட்டா தானாவே டிஎம்ஏலேருந்து எறங்கி பிஐஓவுக்கு போயிடும், அப்புறம் அதுவா ஏறாது. அந்த சேனலை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணு, திரும்ப கண்டுபுடிச்சி டிஎம்ஏல வந்து உக்காரும். வொயரை மாத்தாம இதை பண்ணாத, நாலு நாள்ல திரும்ப எறங்கிடும்.

கொசப்பேட்டை_கில்லி

சரி ஒத்துக்குறேன், செம்ம இன்டரஸ்டிங்கா போவுது. நான் பொறக்கும்போது வந்த மெஷின் இது.

திமிரி_ரேடியோ

வணக்கம் தம்பிகளா. நான் ரேடியோ, டேப், டிவி ரிப்பேர் 40 வருசமா பாக்குறவன். அண்டர்ரன் விஷயத்தை சிடிகடைக்காரர் தெளிவா சொல்லிட்டாரு, எனக்கு அதுல சேக்க ஒண்ணும் இல்ல. பவர் கேலிபரேஷனை யாரும் தொடல.

ரைட்டர் எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்ன டிஸ்க்கோட உள் ஓரத்துல, பாட்டு ஆரம்பிக்கிற எடத்துக்கும் உள்ள, ஒரு சின்ன எடத்துல லேசரை கூட்டி கொறைச்சி சுட்டுப் பாக்கும், தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சு சூடு பாக்குற மாதிரி. எந்த அளவுல சரியா பதியுதோ அந்த அளவுல எழுதும். எந்த அளவுலயும் சரியா பதியலன்னா அந்த எர்ரரைத்தான் காட்டும். படிக்குது ஆனா எழுதலன்னு சொன்னீங்க, அது ஏன்னா படிக்க வேண்டிய வெளிச்சத்தை விட எழுத பல மடங்கு வேணும். அதனால லென்ஸ்ல லேசா தூசி படிஞ்சாலும் படிக்கிறது நடக்கும், எழுதுறது நடக்காது. லேசருக்கே வயசாயிருந்தாலும் இதே அறிகுறிதான். மொதல்ல தூசியைப் பாருங்க, அது காசில்லா வைத்தியம்.

கரண்டை முழுசா எடுத்துட்டு ரைட்டரை வெளிய எடுங்க. அடியில நாலு ஸ்க்ரூ. மூஞ்சியில ஒரு குண்டூசி ஓட்டை இருக்கும், பேப்பர் க்ளிப்பை நிமித்தி உள்ள குத்தினா தட்டு வெளிய வரும், முன் மூஞ்சியைக் கழட்டினா மூடி வந்துடும். உள்ள ரெண்டு கம்பி மேல ஒரு சின்ன வண்டி, அதுமேல மசூர் பருப்பு அளவுல ஒரு கண்ணாடி, லேசா நீலம் அடிக்கும். அதுதான் லென்ஸ். அது மெல்லிசான கம்பியில தொங்கிட்டிருக்கு, அமுக்கினா போச்சு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சூண்டு பஞ்சுல தொட்டு, புழிஞ்சு விட்டுட்டு, குழந்தை கண்ணுல பீளை எடுக்குற மாதிரி ஒரு சுத்து. காஞ்சதும் சும்மா பஞ்சுல ஒரு சுத்து. செண்ட்டு, தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், எச்சில், எதுவும் கூடாது. எச்சில்னு சொன்னதுக்கு சிரிக்காதீங்க, என் கடைக்கு அப்படி வந்த டிரைவ் உண்டு. மூடி இல்லாம கரண்ட் குடுத்து எட்டிப் பாக்கவே கூடாது, அந்த லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்கு தெரியாத மாதிரிதான் இருக்கும், கண்ணை மட்டும் பதம் பாத்துடும்.

குடியாத்தம்_ஸ்டூடியோ_அக்கா

ஐயா சொன்னதோட டிஸ்க்கையும் பாக்கணும். வெளிறின பச்சைன்னு சொன்னதும் நெனச்சேன். 2000ல வந்த ரைட்டருக்கு 52 எக்ஸ் டிஸ்க்குன்னா என்னன்னே தெரியாது. டிஸ்க்குல சாயம் ஒரு மெல்லிசு பூச்சா இருக்கும், வேகமா எழுதுற டிஸ்க்குக்கு அதோட தன்மையே வேற. டிஸ்க்கு எந்தக் கம்பெனி செஞ்சதுன்னு அதோட பள்ளத்துலயே பதிச்சிருக்கும், ரைட்டர் அதைப் படிச்சு இவ்ளோ சூடு இப்படி அடின்னு தன் பட்டியல்ல பாக்கும். பட்டியல்ல இல்லாத டிஸ்க்குன்னா குத்துமதிப்பா அடிக்கும். பழைய ரைட்டருக்கு நீலம் ஓடுற டிஸ்க் தான் எங்க ஸ்டூடியோவுல ஒத்து வந்துச்சு.

என்கிட்ட 2003, 2004ல வாங்கின டிஸ்க் 20 கீது, 16 எக்ஸ், பிரிக்காத பேக்கு, பீரோவுல இருட்டுல வெச்சது. எனக்கு இனிமே வேலைக்கு ஆவாது, சும்மா எடுத்துட்டு போங்க. அடுத்த வாரம் சிரசு திருவிழா, கூட்டத்துல குடியாத்தத்துக்குள்ள நொழைய முடியாது, அதுக்கு முன்ன வந்துடுங்க.

எழுதினதும் மேல பால்பாயிண்ட் பேனாவுல எழுதாதீங்க. அடிப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல பிளாஸ்டிக் காப்பு இருக்கு, மேல் பக்கம் வெறும் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சுதான், அதுக்கு நேர் கீழதான் சங்கதியே இருக்கு. ஸ்டிக்கரும் ஒட்டாதீங்க, நம்ம ஊரு வெயிலுக்கு பசை சுருங்கினா டிஸ்க்கு வளைஞ்சிடும்.

பாலாறு_மணல்

ஆறு நாள் கழிச்சு வரேன், மன்னிச்சிக்கோங்க, வேலூர்ல வெயில் தாங்கல, கம்ப்யூட்டர் இருக்குற ரூமு மாடியில, பகல்ல உள்ள போகவே முடியல.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடையில பட்டை வொயர் ஒண்ணு கெடைச்சுது, அந்தப் பையன் இது எதுக்குண்ணேன்னு கேட்டுட்டு காசே வாங்கல. ரைட்டரைத் தனியா மாட்டி ஜம்பரை மாத்தினேன். டிவைஸ் மேனேஜர்ல பாத்தா அண்ணா சொன்ன மாதிரியே பிஐஓ. அன்இன்ஸ்டால், ரீஸ்டார்ட், இப்போ டிஎம்ஏ. மவுஸ் பறக்குது.

ஆனா மறுபடி பவர் கேலிபரேஷன் எர்ரர், எழுதவே ஆரம்பிக்கல. சரி டிஸ்க்கை தப்பு சொல்றதுக்கு முன்ன லென்ஸைப் பாப்போம்னு தொறந்தேன். ஐயா, 24 வருச தூசி, வண்டி போற கம்பி ஓரத்துல நூல் நூலா சுத்திகினு இருந்துது. லென்ஸ் நீலமே தெரியல, சாம்பலா இருந்துது. ஒரு சுத்து சுத்தினதும் பஞ்சு கருப்பாச்சு. பெட்ரோமாக்ஸ் கண்ணாடியைத் தொடச்ச மாதிரி.

அதுக்கப்புறம் 52 எக்ஸ் டிஸ்க்குல ஒண்ணு போட்டேன், ஃபுல்லா முடிஞ்சிது, ஆனா மாமா பிளேயர் மாதிரியே இருக்குற பக்கத்து வீட்டு பிளேயர்ல கடைசி ரெண்டு ட்ராக் திக்குது. அக்கா வீட்டுக்கு போயி 20 டிஸ்க் வாங்கினு வந்தேன், மோர் குடுத்து அனுப்பினாங்க, நன்றிக்கா. அதுல மொதல் சிடி 8 எக்ஸ், 73 நிமிஷம் ஒம்போதரை நிமிஷத்துல முடிஞ்சிது, ஒரு திக்கல் இல்ல. ரெண்டாவது, மூணாவது ஓகே. நாலாவது போடும்போது திரும்ப பவர் கேலிபரேஷன்!

திமிரி_ரேடியோ

மூணு சிடி விடாம போட்டீங்களா, அதுவும் மாடி ரூம்புல, மே மாசத்துல? டிஸ்க்கை எடுக்கும்போது கைக்கு சூடா இருந்திருக்குமே. லேசர் சூடாச்சுன்னா அதே கரண்டுக்கு வெளிச்சம் கொறையும். வயசான லேசருக்கு இன்னும் மோசம். ஒரு சிடிக்கு அப்புறம் இருபது நிமிஷம் தட்டைத் தொறந்து வெச்சிட்டு போயி காப்பி குடிங்க. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து போடுங்க.

பாலாறு_மணல்

ஐயா காலையில நாலரைக்கே எழுந்து போட்டேன், ஏழு சிடியும் முடிஞ்சுது!! அக்கா டிஸ்க்குல எட்டு காலி, அந்த ஒண்ணு மட்டும் வீண். பன்னெண்டு மிச்சம்.

நேத்து ஊருக்கு போயி மாமாகிட்ட குடுத்தேன். மொத சிடியைத் தடவிப் பாத்து அவரே போட்டாரு. தாளம், முகவீணை, எங்க நைனா பெட்டி, எல்லாம் வருது. எங்க அத்தை அடுப்பை அணைச்சிட்டு வந்து உக்காந்துட்டாங்க. மாமா கொரலு வந்துச்சு. அவரு கையைத் தூக்கி நிறுத்துன்னாரு. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, அழுவுறாருன்னு நெனச்சேன்.

"இது யாருடா பாடுறது?"ன்னாரு. நீதான் மாமான்னேன். "நான் ரெண்டரை கட்டையிலடா பாடுவேன், இவன் மூணு கட்டையில கத்தினு கீறான்"ன்னு சொல்லிட்டு மறுபடி போடச் சொன்னாரு, மறுபடி கேட்டுட்டு "உங்கொப்பன் பெட்டியும் ஏறிக் கீது பாரு, அரைக் கட்டை தூக்கி வெச்சிட்டடா"ன்னாரு. சிடி எழுதுறதுல சுருதி மாறுமா? எனக்கு கேட்டா ஒண்ணும் தெரியல.

பழைய_சிடிகடை

சிடியில சுருதி மாறாது தம்பி, என்னா குடுத்தியோ அதைத்தான் எழுதும். ஐயாதான் சொல்லணும்.

திமிரி_ரேடியோ

பெரியவர் காதுக்கு ஒரு கும்பிடு. நான் மொதப் பதிவுலயே கவனிச்சிருக்கணும், 90 நிமிஷ கேசட்டுல ஒரு சைடு 42 அரை நிமிஷம்னு எழுதியிருந்தீங்க. 45க்கு குறையக் கூடாது, கம்பெனிக்காரன் ரெண்டு அடி கூடத்தான் சுத்தி வெச்சிருப்பான். உங்க டெக்கு வேகமா ஓடுது. 45 ஓட வேண்டியது 42 அரையில ஓடினா ஆறு பர்செண்டு வேகம். அரைக் கட்டைன்னாலும் அதே ஆறு பர்செண்டுதான். ரெண்டு கணக்கும் ஒண்ணா வந்து நிக்குது பாருங்க.

ரிக்கார்டு பண்ண அன்னிக்கு பேட்டரி எறங்கியிருந்தாலும் சுருதி ஏறிக் கேக்கும், ஆனா அது போகப் போக ஏறினே போவும், மொத சிடியிலயே ஏறியிருக்காது.

டெக்கு மோட்டார் பின்னாடி ஒரு பொடி ஓட்டை இருக்கும், உள்ள ஸ்க்ரூ, அதைத் திருப்பினா வேகம் எறங்கும். ஆனா ஆறு கேசட்டையும் திரும்ப ஓட்ட வேணாம், பழைய கேசட்டு, அறுந்துடும். லேப்டாப்புல ஆடாசிட்டின்னு ஆடியோ எடிட் பண்ற சாஃப்ட்வேர்ல சேஞ்ச் ஸ்பீடுன்னு ஆரம்பிக்கிற ஒண்ணு இருக்கும், அதுல மைனஸ் 5.6 போடுங்க. சேஞ்ச் பிட்ச்சை தொடாதீங்க, அது சுருதியை மட்டும் எறக்கிட்டு வேகத்தை அப்படியே விட்டுடும். நைனாவோட பெட்டி வீட்ல இருக்கா?

பாலாறு_மணல்

கீது ஐயா. அதே பெட்டிதான், 1987ல வாசிச்சது. துருத்தி ஒரு எடத்துல ஓட்டை, ஆனா ரீடு எல்லாம் பேசுது.

திமிரி_ரேடியோ

அப்போ வேற சுருதிப்பெட்டி எதுக்கு. லேப்டாப்பை எடுத்துட்டு ஊருக்கு போங்க. ஃபைல்ல அவர் சுருதி புடிக்கிற எடத்தை ஓட விட்டு, பெரியவர் பக்கத்துல பெட்டியை வெச்சு அதே கட்டையை அமுக்கச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா சேருற வரைக்கும் 5.6ஐ கொஞ்சம் கூட்டி கொறைச்சிப் பாருங்க, அவர் போதும்னா போதும்.

குடியாத்தம்_ஸ்டூடியோ_அக்கா

வேகம் எறங்கினா நேரம் கூடும், எட்டரை மணி ஒம்போது மணி ஆயிடும். ஏழு சிடியில அடைக்காதீங்க, ஓரம் வரைக்கும் எழுதினாதான் திக்கும். எட்டு சிடியா போடுங்க, ஒண்ணுக்கு 68 நிமிஷம் வரும். டிஸ்க் பத்துமா?

பாலாறு_மணல்

பன்னெண்டு கீது அக்கா, பத்தும். ஞாயித்துக்கிழமை ஊருக்கு போறேன். மாமா இப்பவே போன் பண்ணிட்டாரு, பெட்டியைத் தொடச்சி வெச்சிட்டாராம், துருத்தி ஓட்டைக்கு பிளாஸ்திரி வாங்கினு வாடான்னாரு.

கொசப்பேட்டை_கில்லி

ப்ரோ சண்டே நானும் வரட்டா? என் பைக்ல போயிடலாம். பெட்டி வாசிச்சி நான் நேர்ல பாத்ததே இல்ல.